பனிக்காலம் முடியட்டும் என்று காத்திருப்பவர்கள்

முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். சனி, ஞாயிறு என்ற சொற்கள் எனக்கு ஓய்வை நினைவூட்டுவதில்லை. ஞாயிறு இதழைச் சனிக்கிழமை முடித்தாக வேண்டும். திங்கட்கிழமைப் பத்திரிகையை ஞாயிற்றுக்கிழமை தயாரிக்க வேண்டும். ஊரார் ஓய்ந்திருக்கும் நாட்களில்தான் எங்கள் அலுவலகம் கூடுதலாக இயங்கும். ஆகையால், ஒரு வார இறுதியை எதுவும் செய்யாமல் கழிப்பது எப்படி என்பதை ஐம்பத்தேழாவது வயதில்தான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடாது. கற்றுக்கொண்ட இடமும் எதிர்பாராத இடந்தான். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், முழுவதும் உறைந்துபோன ஓர் ஏரிக்கரை.

2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரொறன்ரோவுக்குச் சென்றிருந்தேன். அங்கே ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினொராவது மாடியில் என் அக்கா வசிக்கிறார். 1989இல் நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு கனடாவுக்குச் சென்றவர். தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை செய்து, மகனைப் படிக்க வைத்து, ஓய்வுபெற்றுவிட்டார். அத்தான் மறைந்து ஆறு ஆண்டுகளாகின்றன. அக்காவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது.

நான் போய்ச் சேர்ந்த சமயத்தில் கடும் பனி பெய்தது. சில நாட்களுக்குள்ளேயே அரை மீற்றருக்கு மேல் கொட்டியது. வீதியோரங்களில் ஆளுயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. அந்த வீட்டில் நான் கூடுதலாகக் கேட்ட வாக்கியம், 'வின்ரர் முடியட்டும்' என்பதுதான். முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் வைத்தியர், வின்ரர் முடியட்டும். பழைய சிநேகிதி ஒருவர் பிரம்டனில் சுகவீனமாக இருக்கிறார். வின்ரர் முடியட்டும், போய்ப் பார்ப்போம். கோயிலுக்குப் போய் நாளாகிறது. அதுவும் வின்ரர் முடியட்டும்.

அக்காவைக் குறை சொல்லவில்லை. அதே கட்டடத்தில் இருக்கும் வேறு நம்மவர்களின் வீடுகளுக்கும் போனேன். எல்லா வீடுகளிலும் இதே பேச்சுத்தான். யன்னலுக்கருகே ஒரு கதிரை. கதிரையில் ஓர் அம்மாவோ ஐயாவோ. மடியில் தொலைபேசி. அதில் ஊர்ச் செய்தி. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரப்பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வந்ததும் தத்தம் அறைக்குள் போய்விடுவார்கள். கார்த்திகையில் அந்தக் கதிரையில் அமர்பவர் சித்திரையில்தான் எழும்புகிறார்.

இரவு படுத்திருந்தபோது மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அக்கா கனடாவில் முப்பத்தாறு பனிக்காலங்களைக் கண்டிருக்கிறார். ஒவ்வொன்றும் ஐந்து மாதம் என்று வைத்தால் நூற்றியெண்பது மாதங்கள். அதாவது பதினைந்து ஆண்டுகள். வேலைக்குப் போன நாட்களைக் கழித்துப் பார்த்தாலும், வாழ்நாளில் பெரும்பகுதி 'முடியட்டும்' என்ற சொல்லுக்குள் போய்விட்டது. அவருடைய பிறந்த ஊரை யுத்தம் பறித்துக்கொண்டது. வந்த ஊரில் பாதியை அவரே வேண்டாமென்று ஒதுக்கிவிட்டாரே என்ற கவலையில் அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தேன்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் மறுநாளே ஒரு வேலை செய்தான். ஒரிலியா என்ற சிறிய நகரத்தில், ஏரிக்கரையில் இருக்கும் மரவீடு ஒன்றை இரண்டு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்துவிட்டான். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அங்க என்ன கிடக்கு? இஞ்ச கிடக்கிற ஸ்நோ காணாதே? இதைப் பாக்கக் காசு குடுத்துப் போகோணுமே?"

"அம்மா, மாமா வந்திருக்கிறார். அவருக்காக வாங்கோ" என்றான் மருமகன்.

என்னைக் காரணம் காட்டியதால்தான் வந்தார். காரின் பின்பக்கத்தில் அரிசி, மிளகாய்த்தூள், தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பால், இடியப்ப உரல் உட்பட ஒரு சிறிய குசினியே ஏற்றப்பட்டது. ஏதோ இடம்பெயர்ந்து போகிறவர் போலத்தான் அக்கா ஆயத்தமானார்.

ஒரிலியா, ரொறன்ரோவுக்கு வடக்கே சுமார் 135 கிலோமீற்றர் தூரத்தில், இரண்டு ஏரிகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. தெற்கே சிம்கோ ஏரி. வடக்கே கூச்சிச்சிங் என்ற சிறிய ஏரி. சிம்கோவின் தண்ணீர் இடையிலுள்ள ஒடுங்கிய வாய்க்கால் வழியாகக் கூச்சிச்சிங்குக்குள் இறங்கி, அங்கிருந்து செவேர்ண் ஆறாக ஓடி, ஹியூறன் பேரேரியின் ஜோர்ஜியன் குடாவில் சேருகிறது. கனடாவின் நகைச்சுவை எழுத்தாளரான ஸ்ரீபன் லீக்கொக் இந்த ஊரைத்தான் 1912இல் வெளிவந்த தமது நூலில் 'மரிபோசா' என்ற கற்பனைப் பெயரில் எழுதினார். அவருடைய வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். வீட்டின் பின்பக்கக் கதவைத் திறந்தால் ஏரி. ஆனால் தண்ணீர் ஒரு துளியும் தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளி. அதன்மேல் ஆங்காங்கே பெட்டிகள் போலச் சிறிய குடில்கள். யாரோ ஒருவர் நாயுடன் ஏரியின் நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தார்.

'பனி' என்ற நமது சொல்லைப் பற்றி அப்போது யோசித்தேன். தமிழரின் ஆறு பருவங்களில் முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்கள் பனியின் பெயரால் அமைந்தவை. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. நமது முன்னோர் அறிந்த பனி புல் நுனியில் விழுந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். அதற்கே இரண்டு பருவங்களை ஒதுக்கி, அவற்றுக்குரிய வாழ்க்கையையும் வகுத்திருந்தார்கள். அந்த வழியில் வந்த நாம், மாதக்கணக்கில் கிடக்கும் பனி நாட்டில் குடியேறி, அதற்கு வாழ்க்கையில் ஒரு பருவத்தைக்கூட ஒதுக்காமல் இருக்கிறோம்.

அன்று மாலை எதுவும் செய்யவில்லை. தொலைக்காட்சி இருந்தது, ஒருவரும் போடவில்லை. அடுப்பில் விறகு எரிந்தது. அக்கா இடியப்பம் அவித்தார். ஐந்து மணி கழிந்து சிறிது நேரத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அதன் பின் ஊர் அடங்கிவிட்டது.

நிசப்தம் எனக்குப் புதிதல்ல. ஆனால் நான் அறிந்த நிசப்தம் வேறு. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு இரவுகளின் நிசப்தம் அது. நாய் குரைத்தால் யார் வருகிறார்கள் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கிடப்போம். விமானம் வந்து போன பின்னர் சில நிமிடங்கள் ஊரில் ஒரு சத்தமும் இராது. பிறகுதான் அழுகுரல் கேட்கும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன இரவில் சனத்தோடு சனமாக நானும் நடந்தேன். அதற்கு முந்திய சில நாட்களில் எங்கள் ஒழுங்கையில் இருந்த அமைதியை இன்றும் மறக்கவில்லை. ஆகவே, சத்தம் நின்றுவிட்டால் ஏதோ நடக்கப் போகிறது என்றுதான் என் உடம்பு எடுத்துக்கொள்ளும்.

நடந்தது. இரவு ஒன்றரை மணியளவில் தூரத்தில் 'டும்' என்று ஒரு சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் இன்னொன்று. அதைத் தொடர்ந்து ஏதோ இழுபட்டுக்கொண்டு போவது போன்ற நீண்ட ஓசை. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குசினியில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் அக்கா மேசையில் கையை ஊன்றியபடி இருக்கிறார்.

"தம்பி, உனக்கும் கேட்டதே?"

"கேட்டது."

"கோட்டையிலயிருந்து அடிக்கிற மாதிரிக் கிடந்தது."

1987இல் அவர் கேட்ட ஷெல் சத்தத்தைச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அவர் கனடாவுக்குப் போன பிறகு நான் கேட்ட சத்தங்கள் வேறு. முப்பது ஆண்டுகளாக நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதேயில்லை. தொலைபேசியில் என்ன பேசுவோம்? உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, காணியை விற்பதா வைத்திருப்பதா. அந்த இரவில் தேநீர் போட்டுக்கொண்டு நான்கு மணிவரை பேசினோம். பதுங்குகுழிக்குள் அம்மா தேவாரம் சொன்னதை அக்கா சொன்னார். அக்கா போன பின் வீடு எப்படி இருந்தது என்று நான் சொன்னேன். வெளியே ஏரி இடையிடையே முழங்கிக்கொண்டே இருந்தது. மருமகன் ஒரு சத்தமும் கேட்காமல் நித்திரை கொண்டான்.

காலையில் பக்கத்து வீட்டு முதியவரிடம் விசாரித்தோம். பாடசாலைப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இரவில் குளிர் கூடும்போது பனித்தளம் சுருங்கும். வெயில் ஏறும்போது விரியும். அப்போது அதில் வெடிப்புகள் ஓடும். அந்த ஓசை தளத்தினூடாக வெகுதூரம் செல்லும். குளிர் இரவில் அது பெரும்பாலும் பனி தடித்துக்கொண்டிருப்பதற்கு அடையாளமே தவிர, உடையப் போவதற்கு அடையாளமல்ல. "இந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் எனக்குக் கவலை" என்றார். மருமகன் மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா சிரித்தார். நான் கனடாவுக்கு வந்து மூன்று கிழமைகளில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த முதியவர்தான் எங்களை ஏரிக்குள் அழைத்துச் சென்றார். தனியாக ஒருவர் நடப்பதற்குக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்பான பனி வேண்டும், பனிவண்டி ஓட்டுவதற்கு 25 சென்ரிமீற்றர் வேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவுறுத்துகிறது. அன்று அங்கே அதைவிடக் கூடுதலாக இருந்தது. அக்கா கரையில் ஐந்து நிமிடம் நின்றார். பின்னர் என் கையைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தார். சப்பாத்தின் அடியில் மாட்டும் சிறு ஆணிகள் பொருத்திய இறப்பர்ப் பட்டியை முதியவரின் மனைவி கொடுத்திருந்தார். அது இல்லாமல் நடந்திருக்க முடியாது.

குடிலுக்குள் ஒரு வாங்கு, ஒரு சிறிய சூடேற்றி, நிலத்தில் ஒரு துளை. வெளிச்சுவரில் அதன் பதிவு இலக்கம் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. பருவம் முடிவதற்குள் குறித்த நாளில் குடிலை அகற்றிவிட வேண்டும் என்பது சட்டம். துளைக்குள் தூண்டில் போட்டுவிட்டு முதியவர் பேசாமல் இருந்தார். நாங்களும் பேசாமல் இருந்தோம். பேசாமல் இருப்பது அங்கே மரியாதைக் குறைவல்ல.

மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று அக்கா கேட்டார். பாடசாலையில் படித்ததுதான். தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் பாரம் குறைந்து மேலே வரும், உறைவதும் மேலேதான். மேலே மிதக்கும் பனி, போர்வை போலக் கீழேயுள்ள தண்ணீரைக் காக்கிறது. மேலே கடுங்குளிர் அடிக்கும்போது கீழே மீன்கள் அமைதியாகத் திரிகின்றன. ஒரு மணித்தியாலத்தில் நான்கு மஞ்சள் பேர்ச் மீன்கள் பிடிபட்டன. நான்கையும் அவர் அக்காவிடம் கொடுத்தார். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முள்ளுக் கூடத்தான். சொதிக்கு நல்லாயிருக்கும்" என்று தீர்ப்பளித்தார். அன்று மதியம் அந்தத் தம்பதியரும் எங்களோடு சொதியும் சோறும் சாப்பிட்டார்கள்.

பிற்பகலில் இரண்டு ஏரிகளையும் இணைக்கும் அதர்லி ஒடுக்கத்தைப் பார்க்கப் போனோம். அங்கே நீரோட்டம் இருப்பதால் பனியை நம்பமுடியாது. கரையில் நின்றுதான் பார்த்தோம். அந்த நீருக்கடியில் பழங்குடி மக்கள் மீன்களை மறிப்பதற்காக நட்ட மரத்தடிகள் இருக்கின்றன. மிகப் பழையவை ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. 1615இல் இங்கு வந்த பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன், அவை பயன்பாட்டில் இருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். 1982இல் கனடா அரசு இதைத் தேசிய வரலாற்று இடமாக அறிவித்தது. அனிஷினாபே மக்களின் மொழியில் இந்த இடத்தின் பெயர் மின்ஜிகானிங்; மீன்வேலி உள்ள இடம் என்று பொருள். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் தடிகளை நட்டு மீனை மறிக்கும் களங்கண்டித் தொழிலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படவில்லை. "உதுதானே எங்கட ஆக்களும் செய்யிறது" என்றார் அக்கா. முப்பத்தாறு ஆண்டுகளாக வாழ்ந்த நாட்டில் அவர் தமக்குத் தெரிந்த ஒன்றைக் கண்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

இனி, நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

புலம்பெயர்ந்த நம்மவர்கள், குறிப்பாக வயதானவர்கள், பனிக்காலத்தைச் சிறைத்தண்டனை போலக் கழிக்கிறார்கள். பிள்ளைகளும் அதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். சறுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் என்பது உண்மைதான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஐந்து மாதம் அசையாமல் இருப்பதாலும் முழங்கால் இறுகும், மனமும் இறுகும். விழுந்தால் வரும் காயம் எல்லோருக்கும் தெரிகிறது. கதிரையில் இருந்து வரும் காயம் எவருக்கும் தெரிவதில்லை.

எல்லோராலும் ஏரிக்கரையில் வீடு வாடகைக்கு எடுக்க முடியாது என்று வாசகர்கள் சொல்லலாம். வார இறுதியிலும் இரண்டாவது வேலைக்குப் போகிறவர்கள் நம்மவர்களில் எத்தனையோ பேர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்காபரோவே ஒன்ராறியோ பேரேரியின் கரையில்தானே இருக்கிறது? பிளஃபேர்ஸ் பூங்காவில் நின்றால், வெண்மண் குன்றுகளுக்குக் கீழே பனிக்காலத்து ஏரியைப் பார்க்கலாம். றூஜ் தேசிய நகரப் பூங்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணமில்லை. தேவையானவை நல்ல சப்பாத்து, ஆணிப்பட்டி, தடித்த மேலங்கி, பிடித்துக்கொள்ள ஒரு கை. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் பல வீடுகளில் கிடைப்பதில்லை.

'ஊரை மறக்கச் சொல்கிறாயா' என்று கேட்பவர்களும் இருப்பார்கள். இல்லை. ஊரைப் பற்றி நானும் அக்காவும் மனம்விட்டுப் பேசியது அந்த ஏரிக்கரையில்தான். ஊர்ச் செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த பதினொராவது மாடியில் அல்ல. இருக்கும் இடத்தில் கால் பதித்தவருக்குத்தான் விட்டுவந்த இடத்தைப் பற்றிப் பேசவும் முடிகிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் முடியட்டும் என்று காத்திருக்கும் அந்தப் பனிக்காலமே இப்போது சுருங்கி வருகிறது. ஒட்டாவாவில் றிடோ கால்வாயின் சறுக்குத்தளம் 2022-23 பனிக்காலத்தில் ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை. அது தொடங்கப்பட்ட காலத்திலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அடுத்து வந்த 2023-24 பனிக்காலம், கனடாவில் பதிவான மிக வெப்பமான பனிக்காலம். அந்த ஆண்டு சிம்கோ ஏரியில் நம்பிக்கையோடு நடக்கப் பனி சரியாக உறையவில்லை என்று முதியவர் வருத்தத்தோடு சொன்னார். வீதிகளில் கொட்டும் உப்பு கரைந்து ஏரிக்குள் சேர்ந்து, தண்ணீரில் குளோரைட்டின் அளவு ஆண்டுதோறும் ஏறி வருகிறது என்பதும் அங்கே பேசப்படும் கவலை. கிணற்றில் உப்பு ஏறுவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஏரியைக் காக்க 2008இல் ஒன்ராறியோ தனியாக ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. அதைப் பற்றி நம்மவர் பத்திரிகைகளில் ஒரு பத்தியேனும் வந்ததா? இந்தக் கேள்வியை என் தொழில் நண்பர்களிடம் வைக்கிறேன். நாம் குடிக்கும் தண்ணீரையும் நடக்கும் நிலத்தையும் பற்றி எழுதாமல், வீடு விற்பனை விளம்பரங்களுக்கு நடுவே ஊர் அரசியலை மாத்திரம் அச்சிட்டுக்கொண்டிருந்தால், அந்த மண்ணில் நாம் என்றைக்கும் விருந்தாளிகளாகவே இருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை புறப்பட்டோம். காரில் ஏறுவதற்கு முன் அக்கா பின்கதவைத் திறந்து ஏரியை ஒருமுறை பார்த்தார். முதியவரின் மனைவி ஆணிப்பட்டியைத் திருப்பி வாங்கவில்லை.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு, மார்ச் நடுப்பகுதியில் அக்காவோடு தொலைபேசியில் பேசினேன். நான்கு தரம் அழைத்தும் எடுக்கவில்லை. மனம் பதறிவிட்டது. ஐந்தாவது தரம் எடுத்தார். மூச்சு வாங்கியது.

"கையில கிளவுஸ் போட்டிருந்தனான். அதுதான் எடுக்கேலாமப் போட்டுது" என்றார். பதினான்காவது மாடியில் இருக்கும் ஓர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பூங்காவில் நடந்துவிட்டு வருகிறாராம். வெளியே இன்னும் பனி கிடக்கிறதா என்று கேட்டேன்.

"கிடக்குது. அந்த மனுசியை நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறன்" என்றார்.